நாய் இனங்களின் கடி பலம்: காங்கல் 743, பிட்புல் 235 என்பதெல்லாம் உண்மையா?

"காங்கல் 743, இங்கிலீஷ் மாஸ்டிஃப் 556, ராட்வெய்லர் 328, ஜெர்மன் ஷெப்பர்ட் 238, பிட்புல் 235, எல்லாம் பிஎஸ்ஐ. இந்தப் பட்டியல் சரியா? உண்மையில் எந்த இனத்துக்குக் கடி பலம் அதிகம்? பிட்புல் கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும் என்கிறார்களே, நிஜமா?" இதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய தலை உள்ள பெரிய நாய் பலமாகக் கடிக்கும். அதற்கு மேலே போய் முதலிடம், இரண்டாமிடம் என்று இனவாரியாக வரிசை போடும் அளவுக்கு நம்பகமான அளவீடுகள் கிடையாது. அந்தப் பட்டியலில் கடைசி மூன்று எண்கள் ஒரு முறை அளந்தவை. முதல் இரண்டும் எப்படி வந்தன என்று பட்டியல் போடுகிறவர்கள் சொல்வதே இல்லை. தாடை பூட்டிக்கொள்வது என்பது கட்டுக்கதை. இவ்வளவு போதும் என்பவர்கள் இத்தோடு போகலாம். ஏன் அப்படி என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு மீதி.

பாதுகாப்புப் பயிற்சியில் கையில் ஸ்லீவ் என்ற தடித்த உறையை மாட்டிக்கொண்டு நாய்களிடம் கடி வாங்குகிறவரை ஹெல்பர் என்பார்கள். பல வருடம் நான் அந்த வேலை பார்த்தவன். அதனால் இந்த எண்கள் மேல் எனக்குக் கொஞ்சம் சொந்தக் கோபமும் உண்டு, அதையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் 328, 238, 235 எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். 2005-ல் நேஷனல் ஜியோகிராஃபிக் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக பிராடி பார் என்ற ஊர்வன ஆய்வாளர் சுறா, கழுதைப்புலி, முதலை எனப் பல விலங்குகளின் கடியை அளந்தார். அதில் நாய்களும் இருந்தன. உணர்கருவி பொருத்திய ஸ்லீவை நீட்டி, ஒரு ராட்வெய்லர், ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட், ஒரு பிட்புல் ஆகியவற்றைக் கடிக்க வைத்தார். வந்த விடைதான் அந்த மூன்று எண்கள். இனத்துக்கு ஒரே ஒரு நாய். அந்த ராட்வெய்லர் தன் இனத்திலேயே சராசரியா, பயில்வானா, அன்றைக்கு அதற்கு மூடு இருந்ததா, எதுவும் அந்த எண்ணில் இல்லை. ஒரு நாட்டிலிருந்து ஒரே ஒருவரை அழைத்து எடை தூக்கச் சொல்லிவிட்டு, அந்த நாட்டு மக்களின் பலம் இவ்வளவு என்று எழுதினால் ஏற்றுக்கொள்வோமா? நிகழ்ச்சி நடத்தியவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் செய்தது சுவாரசியமான செயல்விளக்கம். அதை இனத்தின் ஜாதகக் குறிப்பாக மாற்றியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

இன்னொரு குளறுபடியும் அங்கேதான் நுழைந்தது. அவர் அளந்தது விசை. பவுண்டில் 328 என்றால் சுமார் 149 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம், விசையின் அலகான நியூட்டனில் 1,459. ஆனால் பட்டியல்களில் அது பிஎஸ்ஐ ஆகிவிட்டது. பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு என்ற கணக்கு, அதாவது அழுத்தம். வண்டி டயருக்குக் காற்றடிக்கும்போது பார்க்கும் அதே அலகு. விசையும் அழுத்தமும் வேறு வேறு. எத்தனை சதுர அங்குலத்தில் அந்த விசை பரவியது என்று சொல்லாமல் பிஎஸ்ஐ சொன்னால் அதற்குப் பொருளே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாய் 500 நியூட்டன் விசையில், அதாவது 51 கிலோ அளவுக்கு, வாயை மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விசை ஒரு சதுர சென்டிமீட்டரில் பரவினால் 725 பிஎஸ்ஐ. அதே விசை கோரைப்பல்லின் கூரான நுனியில், ஒரு சதுர மில்லிமீட்டரில் இறங்கினால் 72,500 பிஎஸ்ஐ. அதே நாய், அதே கடி, எண் மட்டும் நூறு மடங்கு. நாய்க்குட்டி வளர்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒன்றரை மாதக் குட்டியின் தாடையில் என்ன பெரிய பலம் இருந்துவிடப் போகிறது? ஆனால் விளையாட்டாகக் கடித்தாலே விரலில் ரத்தம் முத்து முத்தாக வரும். அதன் 28 பால் பற்களும் ஊசி மாதிரி. ஊசிக்குப் பலம் தேவையில்லை.

சரி, தொலைக்காட்சியை விடுங்கள், முறையான ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 1995-ல் கால்நடைப் பல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த முன்னோட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. 7 கிலோ முதல் 55 கிலோ வரை எடையுள்ள 22 நாய்கள். விசையை அளக்கும் கருவியைப் பதனிடாத தோலால் சுற்றி, நாய் மெல்லும் பண்டம் போல ஆக்கிக் கடிக்கக் கொடுத்தார்கள். கிடைத்த அளவுகள் 13 நியூட்டனில் தொடங்கி 1,394 நியூட்டன் வரை போயின. சராசரி 256. நடுமதிப்பு, அதாவது அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது, 163 தான்.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 13 நியூட்டன் என்பது ஒன்றேகால் கிலோவை விடச் சற்று அதிகம், நாய் கருவியை உதட்டால் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டது என்று சொல்லலாம். மனிதனின் கடைவாய்ப்பல் கடியே சாதாரணமாக 500 முதல் 700 நியூட்டன் வரும். அப்படியானால் சராசரி நாயைவிட நமக்குத் தாடை பலம் அதிகமா? இல்லை. நம்மிடம் "முடிந்த மட்டும் அழுத்திக் கடியுங்கள்" என்று சொன்னால் கடிப்போம். நாயிடம் அப்படிச் சொல்ல முடியாது. அது கடிக்க விரும்பிய அளவுக்குத்தான் கடிக்கும், நாம் அளப்பதும் அந்த விருப்பத்தைத்தான். நாய்களின் கடி பலத்தை அளப்பதில் உள்ள தீராத சிக்கல் இதுதான்.

அந்தச் சிக்கலைத் தாண்ட வேறொரு வழியில் போனார்கள். 2008-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 20 நாய்களுக்கு முழு மயக்கம் கொடுத்து, தாடைத் தசைகளை மின்சாரத்தால் தூண்டி, பற்கள் எவ்வளவு விசையுடன் மூடுகின்றன என்று அளந்தார்கள். இதில் நாயின் மனநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. கோரைப்பல்லில் 147 முதல் 946 நியூட்டன். இரண்டாவது கடைவாய்ப்பல்லில் 524 முதல் 3,417 நியூட்டன். இந்தப் பதிலில் நீங்கள் ஒரே ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: எந்த இனம் என்று கேட்பதற்கு முன்னால் எந்தப் பல் என்று கேட்க வேண்டும். 3,417 நியூட்டனைப் பவுண்டாக மாற்றினால் 768. 946 நியூட்டனை மாற்றினால் 213. ஒருவர் முன்வாயில் அளந்து 213 என்பார், இன்னொருவர் கடைவாயில் அளந்து 768 என்பார், இரண்டையும் வேறு வேறு இனங்களின் பெயரில் பட்டியலில் ஏற்றினால் ஒரு நாய் மற்றதைவிட மூன்றரை மடங்கு பயங்கரமானதாகத் தெரியும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், தாடை ஒரு நெம்புகோல். கெட்டியான அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது நுனியில் வைத்து யாரும் வெட்டுவதில்லை, ஆணிக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துத்தான் வெட்டுவோம். நாயின் தாடை மூட்டு காதுக்குச் சற்று முன்னால் இருக்கிறது, அதுதான் ஆணி. கடைவாய்ப்பல் அதன் அருகில், கோரைப்பல் தூரத்தில். அதனால்தான் கெட்டியான எலும்பை நாய் தலையைச் சாய்த்து வாயின் ஓரத்துக்குத் தள்ளிக் கடிக்கிறது. அடுத்த முறை கவனித்துப் பாருங்கள், முன்பற்களால் பிடித்துத் தூக்கும், பிறகு ஒரு பக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைவாய்க்கு அனுப்பும்.

நெம்புகோலை இழுக்கும் தசைகள் முக்கியமாக இரண்டு. கன்னத்தில் இருப்பது மாஸெட்டர். மண்டையின் பக்கவாட்டில் படுத்திருப்பது டெம்போராலிஸ். உங்கள் நெற்றிப்பொட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு பல்லைக் கடியுங்கள், விரலுக்குக் கீழே எழும்பி அடங்குகிறதே, அதுதான். நமக்கு அது மெல்லிய விசிறி. நாய்க்கு அதுதான் தலையே. ஒரு ராட்வெய்லரின் நெற்றி அவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் மூளை என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பகுதி கடிக்கிற தசை. பெரிய நாய்களின் மண்டையோட்டில் உச்சியில் முன்பின்னாக ஒரு எலும்பு முகடு ஓடும். தசை பற்றிக்கொள்ள இடம் போதாமல் எலும்பே வரப்புக் கட்டிக்கொண்டது போல. சிவாவா மாதிரிக் குட்டி இனங்களின் உருண்டை மண்டையில் அந்த முகடு இருக்காது.

ஆக, ஒரு நாயின் கடி பலத்தைக் கணிக்க நான் பார்ப்பது மூன்றே விஷயம். மொத்த உடல் அளவு, தலையின் அகலம், மூஞ்சியின் நீளம். இதில் முதலாவதற்குத்தான் பெரும் பங்கு. தலை எவ்வளவு அகலமோ அவ்வளவு தசை. மூஞ்சி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நெம்புகோல் லாபம். கிரேஹவுண்டின் நீண்ட ஒல்லியான மூஞ்சி வேகமாக மூடும், நுனியில் விசை குறையும். பாக்ஸர், புல்டாக் போன்றவற்றின் குட்டை மூஞ்சிக்கு நெம்புகோல் கணக்கு சாதகம். ஆனால் அதற்காக பக் நாயைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. நெம்புகோல் எவ்வளவு சாதகமாக இருந்தாலும் இழுக்கிற தசை துளியூண்டு, பற்களும் நெரிசலில் கோணலாக முளைத்தவை.

இப்போது காங்கலுக்கு வருவோம். துருக்கியில் ஆட்டு மந்தைகளை ஓநாயிடமிருந்து காக்கும் நாய் இது. ஆண் நாய் 60 கிலோ வரை தாராளமாக வளரும். பலமான நாய், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 743 என்றால்? தசையின் விசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. எடை இரட்டிப்பானால் அந்தப் பரப்பு இரட்டிப்பாகாது, சுமார் 1.6 மடங்குதான் ஆகும். 50 கிலோ ராட்வெய்லர் 328 பவுண்டு கொடுக்கிறது என்று எடுத்துக்கொண்டால், அதே வடிவத் தலையுள்ள 60 கிலோ நாய் சுமார் 370 கொடுக்க வேண்டும். 743 கொடுக்க வேண்டுமென்றால் அந்த நாய் சுமார் 170 கிலோ இருக்க வேண்டும். காங்கல் என்ன, எந்த நாயுமே சாதாரணமாக அந்த எடைக்குப் பக்கத்தில்கூட வராது. இது தோராயக் கணக்குதான், 328 என்பதே அந்த நாயின் முழு பலமா என்ற கேள்வியும் இருக்கிறது. இருந்தாலும் இரண்டு எண்களும் ஒரே முறையில் அளந்தவையாக இருக்க முடியாது என்பது தெளிவு. கடைவாய்ப்பல்லில் அளந்தால் பெரிய நாய் 743 பவுண்டைத் தொடலாம், மேலே சொன்ன 768 அதற்குச் சாட்சி. ஆனால் அப்போது ராட்வெய்லரையும் கடைவாயில்தானே அளக்க வேண்டும்?

556 கதை இன்னும் வேடிக்கை. பல பட்டியல்களில் இங்கிலீஷ் மாஸ்டிஃப், டோக் டி போர்டோ, டோசா மூன்றுக்கும் இதே எண்தான். மூன்று வேறு வேறு அளவுள்ள இனங்கள் பவுண்டு பிசகாமல் ஒரே மாதிரி கடிக்கின்றன! ஒருவர் எழுதியதை அடுத்தவர் நகலெடுத்து, அதற்கு அடுத்தவர் பக்கத்து வரிசைக்கும் நீட்டியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. பிட்புல்லுக்கு 1,800, 2,000 என்றெல்லாம் எழுதுபவர்களும் உண்டு. அந்தத் தொலைக்காட்சி அளவீட்டில் கழுதைப்புலிக்கே 1,000 தான்.

காட்டு விலங்குகளை இழுத்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2005-ல் ஸ்டீஃபன் ரோ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் மண்டையோட்டு அளவுகளை வைத்துப் பல ஊனுண்ணிகளின் கடியைக் கணக்கிட்டார்கள். கோரைப்பல்லில் ஓநாய்க்கு 593 நியூட்டன் வந்தது. அதோடு நிற்காமல், உடல் எடைக்கு ஏற்ற கடி எவ்வளவு என்று ஒரு குறியீட்டெண்ணும் போட்டார்கள். 100 என்றால் அந்த எடைக்கு எதிர்பார்க்கக்கூடிய கடி. ஓநாய்க்கு 136, ஆப்பிரிக்கக் காட்டு நாய்க்கு 142, செந்நாய்க்கு 132. இன்று வாழும் விலங்குகளில் முதலிடம் பிடித்தது ஆள் உயரத்தில் பாதிகூட இல்லாத டாஸ்மேனியன் டெவில் என்ற ஆஸ்திரேலிய விலங்கு, 181. கூட்டமாகச் சேர்ந்து தன்னைவிடப் பெரிய இரையை வாயால் மட்டுமே சாய்க்கும் நாய்க் குடும்ப விலங்குகளுக்கு எடைக்கு மீறிய தாடை இருக்கிறது. பூனைக் குடும்பத்துக்கு நகம் கைகொடுக்கும், நாய்க்கு வாயை விட்டால் வேறு கை இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்படியானால் எந்த வரிசையும் கிடையாதா" என்று கேட்பீர்கள். தோராயமாக ஒன்று சொல்லலாம், இது என் கணிப்பு. மாஸ்டிஃப் வகையறா, காங்கல் போன்ற பெரிய மந்தைக் காவல் நாய்கள், கேன் கோர்ஸோ, பெரிய ராட்வெய்லர் ஆகியவை மேல் வரிசையில். அவற்றுக்குள் யார் பெரியவர் என்பது அந்தந்த நாயின் தலையைப் பொறுத்தது. அடுத்த வரிசையில் ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், பாக்ஸர், பிட்புல், லாப்ரடார். ஆமாம், லாப்ரடாரும்தான். 35 கிலோ எடை, அகலமான மண்டை, உள்ளே இருக்கும் தசை மற்ற நாய்களுடையதுதான். அது அன்பான நாய் என்பதால் தாடை தசைக்குப் பதில் பஞ்சால் செய்யப்பட்டதாகிவிடாது. அதற்குக் கீழே நடுத்தர, சிறிய இனங்கள்.

இதில் கவனிக்கத்தக்கது பிட்புல். அதன் வழக்கமான எடை 15 முதல் 27 கிலோ. ஜெர்மன் ஷெப்பர்ட் ஆண் 30 முதல் 40. அப்படியிருந்தும் அந்தத் தொலைக்காட்சி அளவீட்டில் இரண்டுக்கும் 3 பவுண்டு வித்தியாசம்தான். ஒரே ஒரு நாயை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று நானே சொன்னேன், ஆனாலும் இது எலும்புக் கணக்கோடு ஒத்துப்போகிறது. அகலத் தலை, குட்டை மூஞ்சி. எடைக்கு எடை பார்த்தால் பிட்புல் கொஞ்சம் முன்னால் நிற்கும். மொத்த பலத்தில் அது முதலிடத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை.

தாடை பூட்டு. எந்த நாய் இனத்தின் தாடையிலும் பூட்டோ கொக்கியோ கிடையாது. பிட்புல்லின் மண்டையோட்டை லாப்ரடாருடையதன் பக்கத்தில் வைத்தால் மூட்டு ஒரே மாதிரிதான் இருக்கும். பின்னே ஏன் விடுவதில்லை? விட விருப்பமில்லை, அவ்வளவுதான். பிடித்ததை விடாத குணத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட பரம்பரை அது. டெரியர் வகை எல்லாவற்றிலும் அந்தப் பிடிவாதம் கொஞ்சம் இருக்கும், கயிறு இழுத்து விளையாடியவர்களுக்குத் தெரியும். பூட்டு என்று ஒன்று இருந்தால் "அவுட்" என்ற ஒரு சொல்லுக்கு எப்படி விடும்? நன்றாகப் பழக்கிய பிட்புல் விடுகிறது. நிஜமாகவே வாய் பூட்டிக்கொள்ளும் நிலை ஒன்று உண்டு, ஆனால் அது நோய். நாய்களின் கடிக்கும் தசைகளில் 2எம் என்ற தனி வகை இழை இருக்கிறது. சில நாய்களுக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியே அந்த இழையை எதிரியாக நினைத்துத் தாக்கும். தலைத் தசை முதலில் வீங்கி, பிறகு வற்றி, வாயைத் திறக்கவே முடியாமல் போகும். கொட்டாவி விடும்போது நாய் வலியில் கத்தினால், பந்தை வாயில் எடுக்கத் தயங்கினால், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் மருந்தில் நன்றாகத் தேறும்.

ஸ்லீவுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்ற அனுபவத்திலிருந்து ஒன்று. நான் வாங்கியதிலேயே மோசமான கடிகள் பெரிய நாய்களுடையவை அல்ல. ஒரு 27 கிலோ பெல்ஜியன் மாலினாய் ஓடி வந்து பாயும்போது, பல்லுக்கு முன்னால் அதன் மார்பு வந்து மோதும். நான் இரண்டடி பின்னால் போய் நிற்பதற்குள் ஸ்லீவ் அதன் வாயின் கடைசி வரை போயிருக்கும். இதை ஃபுல் கிரிப் என்பார்கள். தன்னம்பிக்கை உள்ள நாய் வாய் நிறையப் பிடித்து அமைதியாக அழுத்திக்கொண்டே இருக்கும். அதன் மூச்சு மூக்கு வழியாகச் சீறுவது கேட்கும். சணல் உறைக்கு அடியிலும் கை மெதுவாக நசுங்குவதை உணரலாம். அதே சமயம் 45 கிலோ ராட்வெய்லர் ஒன்று, பயந்த நாய், நுனிப்பல்லால் பிடிக்கும், விடும், இடம் மாற்றி மறுபடி பிடிக்கும். கருவியில் அளந்தால் அதன் எண் பரிதாபமாக இருந்திருக்கும். ஆனால் ஸ்லீவ் இல்லாத கையில் அந்த மாதிரி கடிதான் அதிகக் கிழிசலைத் தரும். ஒரே கடியில் நிற்காமல் நாலைந்து இடத்தில் குத்தும்.

கடியின் சேதம் மூடும் விசையால் மட்டும் வருவதில்லை. பிடித்தபின் நாய் தலையை உதறும், பின்னோக்கி இழுக்கும். கடி வாங்கியவர் பதறிக் கையைப் பிடுங்குவார். சதை கிழிவது இந்த இழுபறியில்தான். கழுத்துத் தசைகள் செய்யும் இந்த வேலை எந்த பிஎஸ்ஐ பட்டியலிலும் ஏறாது. குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம் என்பதற்கும் காரணம் தாடை எண் இல்லை, உயரம். பெரியவரின் முழங்காலும் கையும் இருக்கும் மட்டத்தில் குழந்தையின் முகமும் கழுத்தும் இருக்கின்றன.

இன்னொரு பக்கம், நாய் தன் பலத்தை எவ்வளவு அடக்கிக்கொள்ளக் கற்றிருக்கிறது என்பது பலத்தைவிடப் பெரிய விஷயம். குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது ஒன்று வலியில் வீலென்று கத்தி விளையாட்டை நிறுத்தும், கடித்தது அளவு கற்றுக்கொள்ளும். தாயிடமிருந்தும் கூடப் பிறந்தவற்றிடமிருந்தும் சீக்கிரமே பிரிக்கப்பட்ட குட்டிக்கு இந்தப் பாடம் பாதியில் நின்றுபோகும். சுட்ட பறவையைச் சேதமில்லாமல் எடுத்து வர ரிட்ரீவர்கள் வளர்க்கப்பட்டன, பழக்கினால் பச்சை முட்டையை உடையாமல் வாயில் தூக்கி வரும். எலும்பை உடைக்கிற அதே தாடைதான்.

அதனால்தான் இயான் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் கடிகளைத் தரம் பிரிக்க உருவாக்கிய 6 படி அளவுகோலில் இனமும் இல்லை, பவுண்டும் இல்லை. பல்லே படாமல் பாய்வது முதல் படி. பல் பட்டும் துளை விழாதது இரண்டாவது. ஒரே கடியில் ஒன்று முதல் நாலு துளை, எதுவும் கோரைப்பல் நீளத்தில் பாதிக்கு மேல் ஆழமில்லை என்றால் மூன்றாவது. பாதிக்கு மேல் ஆழமாக இறங்கியிருந்தால் நான்காவது. ஆழமான கடிகள் பல என்றால் ஐந்தாவது, உயிர் போனால் ஆறாவது. ஒரு நாய் ஆபத்தானதா என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் கேட்பது, "முன்பு கடித்திருக்கிறதா, காயம் எவ்வளவு ஆழம்?" என்பதுதான். நாலாவது படியைத் தொட்ட காக்கர் ஸ்பானியலைவிட, இரண்டாவது படியோடு நிறுத்திக்கொண்ட மாஸ்டிஃபின் பக்கத்தில் உட்கார நான் தயார்.

சின்ன நாய்க் கடியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறிய கோரைப்பல் ஊசி போலக் குத்தி, கிருமியை ஆழத்தில் விட்டுவிட்டு வரும். மேல்தோல் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் பிடிக்கும். கை விரல் மூட்டில் பட்டால் இன்னும் மோசம். எல்லாவற்றுக்கும் மேல் ரேபிஸ். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்களால்தான் பரவுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கிருமிக்கு 13 நியூட்டன் கடியும் ஒன்றுதான், 3,000 நியூட்டன் கடியும் ஒன்றுதான், ஒரு கீறல் போதும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் தடுப்பூசிக்குப் போக வேண்டும். நாய் எந்த இனம் என்ற ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்குக் கடி பலம் பற்றிய அறிவு உண்மையில் உதவுவது ஒரே இடத்தில்தான், நாய்க்கு மெல்லக் கொடுக்கும் பொருளில். மேல் தாடையில் நாலாவது முன்கடைவாய்ப்பல் என்று ஒன்று உண்டு, அந்தப் பக்கத்திலேயே பெரிய பல். கீழ்ப்பல்லோடு சேர்ந்து கத்தரிக்கோல் மாதிரி வெட்டுவது அதன் வேலை. நாய் கடினமான எலும்பையோ மான்கொம்பையோ கொண்டுபோய் வைப்பது அங்கேதான். ஆயிரக்கணக்கான நியூட்டன் விசை இறங்கும்போது, கொம்பு விட்டுக்கொடுக்காவிட்டால் பல் விட்டுக்கொடுக்கும். வெளிப்பக்கம் ஒரு சில்லு அப்படியே பெயர்ந்து வந்துவிடும். நாய் சாப்பாட்டை நிறுத்தாது, காட்டிக்கொள்ளவும் செய்யாது. மாதக்கணக்கில் கழித்துக் கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கிய பிறகுதான் நமக்குத் தெரியவரும். வாங்கும் முன் அந்தப் பொருளில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகத்தின் தடம் கொஞ்சமாவது விழுந்தால் கொடுக்கலாம், விழாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.